பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போதே செர்னுக்குப் போக முடியுமா?

ஜெனீவா அருகே இருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம்தான் செர்ன். அங்கே போக வழி உண்டா, போனால் எதைத் தொட விடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. அதற்கென்றே கோடைகால மாணவர் திட்டம் இருக்கிறது. ஆனால் கோடைக்குள் மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். முதலாமாண்டுக்காரர்கள் பொறுக்கத்தான் வேண்டும். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு, அதனால் நம் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் காலம் வழக்கமாகக் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் பயனில்லை. பரிந்துரைக் கடிதமும் தேவை. பேராசிரியரைக் கடைசி நாளில் துரத்தாதீர்கள்.

துகள்களை மோதவிடும் பெரிய இயந்திரம் இருக்கும் 27 கி.மீ. சுற்றளவுள்ள சுரங்கத்தில் இறங்கிக் காந்தங்களைத் திருகி மாட்டப்போவதாகக் கற்பனை வேண்டாம். காலையில் விரிவுரை, மீதி நேரம் ஓர் ஆய்வுக்குழுவோடு வேலை. அதுவும் பலருக்கு மடிக்கணினி முன்புதான். தரவுகளின் பட்டை வரைபடத்தில் ஒரு பட்டை மட்டும் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். கடைசியில் பார்த்தால் புதுத் துகளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே தரவுக் கோப்பை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள்! அதனால் இப்போதே பைத்தான், கொஞ்சம் சி++ ஆகிய நிரல்மொழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைவிட அதுதான் அங்கே கைகொடுக்கும்.

ஜெனீவா ரயில் நிலையத்திலிருந்து 18ஆம் எண் டிராம் நேரே வாசலில் இறக்கிவிடும். உள்ளே, 2004இல் இந்தியா தந்த நடராசர் சிலையையும் பார்க்கலாம்.