ரோமானியரின் ஓய்வுப் பொழுது

கேள்வி: பண்டைய ரோம் என்றாலே கிளாடியேட்டர்களின் வாட்போர்தான் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்த சாதாரண மக்கள் ஓய்வு நேரத்தை அந்த அரங்குகளில்தான் கழித்தார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்த எண்ணம் அது. பொ.ஆ. 354ஆம் ஆண்டுக்குரிய ரோமானிய நாட்காட்டி ஒன்றில் வாட்போருக்கு 10 நாட்களே ஒதுக்கப்பட்டுள்ளன. நாடகங்களுக்கோ 100 நாட்களுக்கு மேல். தேர்ப்பந்தயத்தின் மீது பெரும் பித்து இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதுவும் நாள்தோறும் நடந்ததில்லை.

அன்றாட ஓய்வு என்றால் பொதுக் குளியல் மண்டபமே. விடியலில் வேலையைத் தொடங்கிய ரோமானியர், பிற்பகலில் மிகச் சிறிய நாணயம் ஒன்றைக் கொடுத்து உள்ளே நுழைந்து, உடலில் ஆலிவ் எண்ணெய் பூசி, பந்து விளையாடியோ மல்யுத்தம் செய்தோ வியர்த்தபின், எண்ணெயையும் அழுக்கையும் வளைந்த உலோகக் கருவியால் வழித்தெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான அறை, வெந்நீர் அறை, குளிர்ந்த நீர்க் குளம் என்று நிதானமாக மாறி மாறி இருப்பார்கள். அடுப்பின் வெப்பக் காற்று தரைக்கு அடியில் செங்கல் தூண்களின் இடையே பரவி அறைகளைச் சூடாக்கியது. 216ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கராகல்லா மண்டபத்தில் 1,600 இருக்கைகள் இருந்ததாகப் பழைய குறிப்பு உண்டு.

குளிப்பது அதில் ஒரு பகுதிதான். குளியல் மண்டபத்துக்கு மேலேயே குடியிருந்த தத்துவ அறிஞர் செனெகா, எடை தூக்குவோரின் முனகல், உடல் பிடித்துவிடுவோர் தட்டும் ஓசை, முடி பிடுங்கப்படுவோரின் அலறல், தின்பண்டம் விற்போரின் கூவல் ஆகியவற்றை ஒரு கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார். ரோமானிய மக்களின் வாழ்வை இத்தனை நெருக்கத்தில் காட்டும் பக்கங்கள் மிகக் குறைவு என்பேன்.

கேள்வி: ரோமானியரின் குளியல் மண்டபங்களில் பெண்களுக்கும் இடம் இருந்ததா?
– வாசகர், மதுரை

பதில்: இருந்தது. இன்றைய போர்ச்சுகலில் உள்ள விபாஸ்கா சுரங்க ஊரில் கிடைத்த 2ஆம் நூற்றாண்டு வெண்கலப் பட்டயம், காலை நேரத்தைப் பெண்களுக்கும் பிற்பகல் முதல் இரவின் தொடக்கம் வரை ஆண்களுக்கும் ஒதுக்குகிறது. கட்டணம் ஆண்களுக்கு அரை ஆஸ் நாணயம். பெண்களுக்கோ ஒரு ஆஸ். இந்த இரட்டிப்புக்கு அந்தப் பட்டயம் காரணம் எதுவும் சொல்லவில்லை. படைவீரர்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணமே கிடையாது.