ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம்: ஹவாய்ப் பள்ளிகளின் கணக்கு

கேள்வி: அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் சில அரசுப் பள்ளிகளில் எல்லாப் பாடமும் ஹவாய் மொழியில்தானாம், ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தானாம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்கிவிட மாட்டார்களா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: அந்தப் பயம் வேண்டாம். அங்கே கடை, டி.வி., விளையாட்டுத் திடல் எல்லாம் ஆங்கிலம்தான். பெரும்பாலான வீடுகளிலும் அதுவே. அழிவின் விளிம்புக்குப் போனது ஹவாய் மொழிதான். 1896-ல் வந்த சட்டம் அதைப் பள்ளியை விட்டே துரத்தியது. 1986-ல்தான் வழி திறந்தது. மறு ஆண்டே அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழி வகுப்புகள் தொடங்கின.

எழுத்து சொல்லித் தரும் முறை நமக்குப் பழகியதுதான். உயிர் 5, மெய் 8. இரண்டையும் சேர்த்து, நம் உயிர்மெய் வரிசை போலவே ஒரு அட்டவணை. ஹ, க, ல, ம என்று தொடங்குவதால் 'ஹகலம' என்றே பெயர். நெடிலுக்கு மேலே ஒரு கோடு. பிள்ளைகள் வரிசையை ராகமாகச் சொல்லிப் பழகி, அசைகளைக் கூட்டிச் சொல்லாகப் படிக்கிறார்கள்.

இதே நேரத்தில் ஆங்கில எழுத்தையும் நுழைத்தால்தான் சிக்கல். இரண்டுக்கும் ஒரே ரோமன் எழுத்து, ஒலி வேறு. எம், ஈ இரண்டையும் சேர்த்தால் ஹவாய் மொழியில் 'மே', ஆங்கிலத்தில் 'மீ'. ஆறு வயதுக் குழந்தை எதை நம்பும்? ஹவாய் மொழியில் வாசிப்பு கைகூடிய பிறகு, ஐந்தாம் வகுப்பில் தினமும் சுமார் ஒரு மணி நேரம் ஆங்கிலம். வாசிக்கும் திறன் ஏற்கெனவே இருக்கிறது, பேச்சும் தெரியும். ஸ்பெல்லிங்கும் எழுத்து நடையும்தான் புதிது.

இதை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்தக் கூடாது. ஒடிசா மலைக் கிராமத்துச் சவரா பழங்குடிக் குழந்தை வீட்டிலும் தெருவிலும் ஒடியாவைக் கேட்பது குறைவு. அங்கே ஒடியாவைக் கதையாக, பாட்டாக, பேச்சாக முதலிலேயே தொடங்க வேண்டும், எழுத்து பிறகு.

கேள்வி: பாடநூலுக்கும் தேர்வுக்கும் என்ன செய்கிறார்கள்?
– ஒரு ஆசிரியர், நாமக்கல்

பதில்: தொடக்கத்தில் ஆங்கிலப் படப் புத்தகங்களில் வரிகளின் மேல் ஹவாய் மொழிபெயர்ப்பை ஒட்டிப் படித்தார்கள். அறிவியல், கணக்குச் சொற்களுக்குக் கலைச்சொல் குழு அமைந்தது.

தேர்வில்தான் பெரிதாகச் சறுக்கினார்கள். ஆங்கில வினாத்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் சுலபமான கேள்வி மொழிபெயர்ப்பில் கடினமாகிவிடும். மதிப்பெண் குறைந்தால், பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஹவாய் மொழியிலேயே யோசித்து எழுதிய 'காஎயோ' என்ற தேர்வு வந்தது.

இன்றும் தீராத குறை ஆசிரியர் பற்றாக்குறை. லானாய் தீவில் இந்த வகுப்பு இல்லை என்று ஒரு தாய் வழக்குப் போட்டார். ஹவாய் வழிக் கல்வி கிடைக்க நியாயமான எல்லா முயற்சியும் அரசு எடுத்தாக வேண்டும் என்று 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.