கேட்டுவிட்டுப் போனவர்கள்

அன்புள்ள அக்கா,

நான் தாதியர் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். வலிகாமம் பக்கம் வீடு. ஆய்வுத் தலைப்புக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. போரால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று வினாக்கொத்து வைத்துப் பார்க்கலாம் என நினைத்தேன். வாசிக்கக் கட்டுரைகளும் நிறைய இருக்கின்றன. அம்மாவிடம் சொன்னபோது, "முகாமில இருந்த காலம் துவங்கி எத்தின பேர் பேப்பரோட வந்து கேட்டவை, ஒருத்தரும் திரும்பி வந்து ஒண்டும் சொல்லேல்ல, நீயும் அதைத்தான் செய்யப்போறியோ" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மருத்துவம் படிக்கும் நண்பர்கள் வேறு, தாதியர் ஆய்வு செய்து என்ன மாறப்போகிறது என்று கேட்கிறார்கள். மனநலம், மருத்துவம், தாதியம் என்று எல்லாப் பக்கமும் வாசித்துக் குழம்பிப்போயிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள், இந்த ஆய்வுகளால் எங்கள் சனத்துக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?

ஒரு மாணவி, யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கச்சி,

அம்மா சொன்னதை முதலில் எடுக்கிறேன். அவர் சொல்வது உண்மை. 2009க்குப் பிறகு ஒரே வீட்டுப் படியில் வெவ்வேறு ஆட்கள் ஏறி ஒரே கேள்வியைக் கேட்டதை நான் கண்டிருக்கிறேன், சில குழுக்களோடு நானும் கேள்வி கேட்கிற ஆளாகப் போயிருக்கிறேன். ஆனாலும் அந்த ஆய்வுகள் எல்லாமே வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது, கட்டாயம் வாசியுங்கள். மொத்தமாகப் பார்த்தால் மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானவர்களுக்கு, பதகளிப்பின், அதாவது மனப்பதற்றத்தின், அறிகுறிகள் 32.6 வீதமானவர்களுக்கு. அந்த நேரம் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தால் இதே இரண்டும் 41.8, 48.5 என்று ஏறுகின்றன. அட்டவணையோடு புத்தகத்தை மூடுகிறவர் முகாம் வாழ்க்கைதான் காரணம் என்று எழுதிவிடுவார். ஆனால் யார் எவ்வளவு கொடுமைக்குள்ளால் வந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. அதாவது முகாமில் இருந்தவர்கள் கூடுதலாகப் பட்டவர்கள். இதை யாரும் ஊகத்தில் சொல்லியிருக்க முடியாது, கேட்டு எண்ணித்தான் சொல்ல முடிந்தது. அந்த நேரம் அது தேவையான வேலை.

இன்றைக்கு நீங்கள் இருநூறு பெண்களிடம் அதே மாதிரி வினாக்கொத்தைக் கொண்டுபோனால் இன்னொரு வீதம் கிடைக்கும். அதை வைத்து யார் எதைச் செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே பதில் வராவிட்டால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். கட்டுரைகள் நிறைய இருக்கின்றன என்பது ஒரு தலைப்பை எடுப்பதற்குக் காரணமே இல்லை, பல வேளைகளில் விடுவதற்குத்தான் அது காரணம்.

மனச்சோர்வுக்கான அந்த ஒன்பது கேள்விப் படிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடந்த இரண்டு கிழமையில் இப்படி இருந்ததா என்று கேட்டு, இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும் என்று நாலு பதிலில் ஒன்றைப் போட வேண்டும். வலிகாமம் வடக்கில் ஒரு வீட்டில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது கேள்வியிலேயே அவர் சொன்னார், "எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் பிள்ளை, நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ." இலை உருவுகிற கை நிற்கவில்லை. நான் பேனையை வைத்துவிட்டு அவர் கதைப்பதைக் கேட்டேன், மகனைப் பற்றிக் கொஞ்சம், கிணறு தூர்ந்து கிடப்பதைப் பற்றி நிறைய. ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. செத்துப்போனால் நல்லது என்ற நினைவு வந்ததா என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு ஒருவர் ஓம் என்று சொன்னால், புள்ளி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. யாரிடம் அனுப்புவது, இன்றைக்கே யார் வந்து பார்ப்பார்கள், எந்த வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, இவை எல்லாம் படியேறுவதற்கு முன்னமே கையில் இருக்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எழுதிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சரி, ஏதாவது நடந்ததா என்று கேட்டீர்கள். நடந்தது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அந்த மரணங்களில் பெரும் பங்கு தோட்டக்காரர் வீடுகளில் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்த பூச்சி மருந்தால் வந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்கிற எங்கள் செம்மண் ஊர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிகக் கொடிய நச்சு வகைகளை 1995இலும் எண்டோசல்பன் என்ற பூச்சி மருந்தை 1998இலும் நாட்டில் நிறுத்தினார்கள். 2005 ஆகும்போது தற்கொலை வீதம் ஏறத்தாழ பாதியாகியிருந்தது. முந்திய பத்து ஆண்டோடு ஒப்பிட்டால் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் குறைவு. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தார்கள், அதுவும் விழவில்லை. இதை எந்த ஒரு துறையும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை பாருங்கள். பொலிஸ் பதிவு, வைத்தியசாலை விடுதியில் எந்தப் பூச்சி மருந்து குடித்தவர் பிழைத்தார் எவர் இறந்தார் என்ற குறிப்பு, பூச்சி மருந்து இறக்குமதிக் கணக்கு, கமத்தொழில் விளைச்சல் கணக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் தெளிந்தது. அந்த விடுதிக் குறிப்புகளைச் சரியாக எழுதி வைத்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

உங்கள் நண்பர்களுக்கு 2014இல் 'லான்செட்' வெளியிட்ட ஒரு ஆய்வைக் காட்டுங்கள். 9 ஐரோப்பிய நாடுகள், 300 வைத்தியசாலைகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளர்களில் ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் சாத்தியம் 7 வீதம் கூடுகிறது. தாதியர் படிப்பில் வேரூன்றிய கேள்வி அது. இதற்கு மேல் அவர்களோடு விவாதிக்க வேண்டாம்.

எந்தத் துறையைப் பிடிப்பது என்ற குழப்பத்துக்கு என்னிடம் இருக்கிற யோசனை, துறையை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள். நெடுந்தீவில் இருந்து ஒருவர் பட்டணத்து மனநலக் கிளினிக்குக்கு வருகிறார் என்று வையுங்கள், நீரிழிவும் இருக்கிறது (நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு). காலைப் படகில் குறிகட்டுவான், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, குளிசை எடுத்து, பின்னேரப் படகுக்குள் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. இரண்டு தவணை தவறினால் மனநலக் கட்டுரை அவருக்குத் தன் நோய் விளங்கவில்லை என்று எழுதும், மருத்துவக் கட்டுரை சிகிச்சையைப் பின்பற்றவில்லை என்று எழுதும். "ஏன் ஐயா போன முறை வரேல்லை" என்று கேட்கிற தாதிக்குத்தான் படகு பற்றித் தெரியும். ஆனால் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. கிளினிக் தவறவிட்டவர்கள் முப்பது பேரோடு நீங்கள் ஆறுதலாக இருந்து கதைத்தால் போதும், முப்பது சிறிய எண்ணிக்கை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கதைத்துச் செய்கிற ஆய்வு எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வடக்கின் கூட்டு மனவடு பற்றி எழுதியது அந்த வழியில்தான், தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் என்ன நடந்தது என்று அதில் பார்த்தார். முதலில் அதை வாசியுங்கள், முறையியல் பாடநூலைப் பிறகு பார்க்கலாம்.

அப்புறம், முடிவு வந்ததும் ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். இத்தனை பேரோடு கதைத்தோம், இன்னின்ன சொன்னார்கள், கிளினிக் நாளை அல்லது நேரத்தை இப்படி மாற்றினால் வசதி என்று அவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கிளினிக் நாளில் காத்திருக்கிறவர்களுக்கு அதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், ஒரு பிரதியைப் பொறுப்பு வைத்தியருக்கும் விடுதிப் பொறுப்புத் தாதிக்கும் கொடுங்கள். தமிழில் சொல்ல முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் முழு மருத்துவத்தையும் தமிழில் படிப்பித்தார்.

அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பதையும், அந்த ஒன்பதாவது கேள்வி மாதிரியான ஒன்றுக்கு ஓம் என்று வந்தால் யாரிடம் கூட்டிப்போவீர்கள் என்பதையும் உங்கள் ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். எழுதினால்தான் நேரம் ஒதுக்குவீர்கள், மேற்பார்வையாளரும் கேட்பார். சம்மதப் படிவத்தைத் தமிழில் முதலில் எழுதி, உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்காத வரிகளை மாற்றுங்கள். நெறிமுறைக் குழு எப்போது கூடுகிறது என்று இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள், திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டி வரும். முன்மொழிவு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா