ஆண்டின் மிக நீண்ட இரவைக் கொண்ட குளிர்காலக் கதிர்த்திருப்பம் டிசம்பர் 21, 22ல் வருகிறது. அதையொட்டிய பண்டிகைகள் மட்டும் ஏன் வேறு வேறு தேதிகளில்?

அந்தந்தப் பண்டிகை எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூரியனின் இருப்பை நேரடியாகக் கணக்கிடும் ஊர்களில் பண்டிகை இன்றும் கதிர்த்திருப்பத்தை விட்டு விலகவில்லை.

சீனாவின் தொங்ஜி அப்படித்தான். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச் சம இரவுப் புள்ளியிலிருந்து சூரியன் 270 பாகையை எட்டும் கணம் எந்த நாளில் விழுகிறதோ, அதுவே பண்டிகை. வடக்கே ஜியாவ்ஸி கொழுக்கட்டை, தெற்கே பசையரிசி மாவில் தாங்யுவான் உருண்டை. ஜப்பானின் தோஜிக்கும் இதே கணக்கு. அன்று எலுமிச்சை வகையைச் சேர்ந்த யூசு பழங்களை மிதக்கவிட்ட வெந்நீரில் குளிப்பார்கள்.

ஈரானின் யல்தா இரவுதான் இதில் நேர்த்தியான ஏற்பாடு. அங்கே புத்தாண்டு சம இரவை வைத்தே பிறக்கிறது. முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள், அடுத்த மூன்றுக்கு 30 நாள், கூட்டினால் 276. சம இரவிலிருந்து கதிர்த்திருப்பம் வரை ஆகும் காலமும் ஏறக்குறைய அதேதான். எனவே மாதுளை, தர்பூசணி, பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதை என்று விழித்திருக்கும் அந்த இரவு நழுவ வழியே இல்லை.

ஐரோப்பாவில் நழுவியது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45ல் நடைமுறைக்கு வந்தபோது கதிர்த்திருப்பத்துக்கு ரோமர்கள் குறித்த நாள் டிசம்பர் 25. ஆண்டுக்கு 365.25 நாள் என்று வைத்தார்கள்; உண்மையில் 365.2422. வெறும் 11 நிமிடம்தான் வித்தியாசம், ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் கதிர்த்திருப்பம் டிசம்பர் 13ஐ ஒட்டி வந்துவிட்டது. டிசம்பர் 13ல் கொண்டாடும் சுவீடனின் லூசியா இரவே ஆண்டின் மிக நீண்ட இரவு என்ற பழைய நம்பிக்கை இதோடு பொருந்துகிறது. 1753ல் சுவீடன் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறைக்கு மாறியது. லூசியா 13லேயே தங்கிவிட்டது. 1582ல் போப் கிரிகோரி 10 நாட்களை நீக்கியபோதும் சீசர் காலத்துக்குத் திரும்பவில்லை. கி.பி. 325, கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தின் காலத்தையே அளவாகக் கொண்டார். 25க்குப் பதில் 21, 22 என்று நிற்பது அதனால்தான்.

மகர சங்கிராந்தி விலகியதற்குக் காரணம் வேறு. பஞ்சாங்கம் நிராயன முறையில், அதாவது நட்சத்திரங்களை வைத்து, சூரியன் மகர ராசிக்குள் நுழைவதைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுவதால் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாள். இப்போது இடைவெளி மூன்று வாரத்துக்கும் மேல்.

நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் டிசம்பர் 20, 21, 22 என்று நிழலை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த நாட்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. டிசம்பர் 1 அன்று, செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர் குச்சியின் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம், பல ஊர்களில் உச்சிப்பொழுது அப்போது வராது. ஜனவரி 11 வாக்கில் அதே நீளம் திரும்ப வரும். இரண்டுக்கும் நடுநாள்தான் கதிர்த்திருப்பம்.