ஆந்தூரியம் மஞ்சளாகிறதா? முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

சேலம் அஸ்தம்பட்டி வாசகி ஒருவர் கேட்கிறார்: "போன மாதம் ஏற்காட்டில் வாங்கிவந்த ஆந்தூரியத்தின் இலைகள் கீழிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். கடைக்காரர் கொடுத்த டானிக் இரண்டு பாட்டில் தீர்ந்துவிட்டது. அடுத்து என்ன உரம் போடுவது?"

ஒன்றும் போடாதீர்கள். "தினமும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், வினை அதில்தான் இருக்கிறது. வேருக்குக் காற்று வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, இலை வாடும். வாடுகிறதே என்று நீங்கள் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவீர்கள்.

தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? மலையில் செடி வாங்கும்போது கூடுதலாகக் காசு வாங்கிக்கொண்டு பளபளக்கும் பீங்கான் தொட்டியில் மாற்றித் தருகிறார்கள். ஓட்டை இல்லாவிட்டால் அது வெறும் குண்டாதான். செடி அழுகினால் டானிக் விற்கலாம், செத்தால் புதுச் செடி விற்கலாம். மருந்து விற்கிறவரே வைத்தியரும் ஆனால் இப்படித்தான்.

செடியை உருவி, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, ஓட்டையுள்ள தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்து வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மேல்பகுதி காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நேர் வெயில் ஆகாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து இறங்கிவந்த செடி ஒன்றிரண்டு இலையை உதிர்த்தால் பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கீழ் இலை நன்றாக இருந்து, புதுத் துளிர் மட்டும் மஞ்சளாகி, நரம்பு பச்சையாகவே நின்றால் போர் தண்ணீரைச் சந்தேகியுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம் தொட்டியிலும் சேரும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. உரக்கடையில் பெரஸ் சல்பேட் கேளுங்கள், பழைய ஆட்கள் அன்னபேதி என்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் இலைமேல் தெளியுங்கள். கடையில் எப்சம் உப்பை நீட்டுவார்கள். அது மக்னீசியம், இரும்பு இல்லை. மக்னீசியம் நிறைந்த வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சேலத்தில் மக்னீசியத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? அப்புறம், மழைத் தண்ணீரோ மேட்டூர்த் தண்ணீரோ ஒரு குடம் செடிக்கென்று எடுத்து வையுங்கள்.

மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். நானும் ஒருமுறை தொட்டி மண்ணை எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். படிவத்தில் சர்வே நம்பர் கேட்டார்கள். பூந்தொட்டிக்கு ஏதம்மா சர்வே நம்பர்?

சரி, மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்து வரும் துளிரைக் கவனியுங்கள். ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மூன்றாவது பாட்டில் வேண்டாம்.