41 வயதில் பி.டி.ஏ. படிக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டி நகரில் இருக்கிறேன். வயது 41. திருச்சியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து பதினாறு வருஷம் எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது) வீட்டோடு இருந்தேன். போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது. பையன் பத்தாவது, பெண் ஆறாவது படிக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஃப்ரோசன் ஷோல்டர் வந்து, கையைத் தூக்கித் தலை பின்னக்கூட முடியாமல் போனது. மூன்று மாதம் பிசிக்கல் தெரபிக்குப் போனேன். முதல் நாள் ஒரு தெரபிஸ்ட் பார்த்தார். அப்புறம் பெரும்பாலும் ஒரு பெண்தான் சிகிச்சை கொடுத்தாள். அவள் பி.டி.ஏ., அதாவது பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் என்று கடைசி வாரம்தான் தெரிந்தது. இரண்டு வருஷப் படிப்பு என்றாள். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. ஆனால் என் கணவர், "ஊர்ல யாராவது கேட்டா அசிஸ்டென்ட்னு சொல்லுவியா? சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் படி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்" என்கிறார். ஆன்லைனில் ஆறே மாதத்தில் சர்டிபிகேட் என்று ஒரு விளம்பரமும் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்களைத் தொட்டுச் செய்யும் வேலை என்பதிலும் ஒரு கூச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த ஆறு மாத விளம்பரத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அது அனேகமாக ‘எய்ட்’ அல்லது ‘டெக்’ வேலைக்கான சர்டிபிகேட்டாக இருக்கும். படுக்கை விரிப்பு மாற்றுவது, கருவிகளைத் துடைத்து எடுத்து வைப்பது, நோயாளியை உள்ளே அழைத்து வருவது எய்டின் வேலை. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அதற்கு உரிமம் கிடையாது, அந்த சர்டிபிகேட் இல்லாமலேயே சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2023 கணக்குப்படி எய்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 33,500 டாலர், பி.டி.ஏ.வுக்கு ஏறக்குறைய 64,000 டாலர். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி இருப்பதால் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பெயரைக் கேட்டுத் தயங்குவது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அசிஸ்டென்ட் என்றால் ஃபைல் தூக்குபவர் என்றுதான் காதில் விழும். நான் ஊரில் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி இளங்கலை முடித்து, இங்கே உரிமம் வாங்கிப் பல வருஷமாகத் தெரபிஸ்டாக வேலை பார்ப்பவள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1967-இல் அமெரிக்க பிசிக்கல் தெரபி சங்கம் ஒத்துக்கொண்டு உருவாக்கிய தனித் தொழில் இது. மயாமியில் ஒரு கல்லூரி, மினியாபொலிஸில் ஒரு கல்லூரி என்று இரண்டு இடத்தில் ஆரம்பித்து, 1969-இல் முதல் 15 பேர் படித்து வெளியே வந்தார்கள். இன்றைக்கு இந்த வேலையைச் செய்ய அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அசோசியேட் என்ற இரண்டு வருஷப் பட்டம், தேசியத் தேர்வில் தேர்ச்சி, மாநில உரிமம் எல்லாம் வேண்டும்.

ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒரு வேலி உண்டு. நீங்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டியது அதைப் பற்றித்தான், வயதைப் பற்றி அல்ல. உங்கள் தோளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பரிசோதித்து, எங்கே இறுக்கம், எத்தனை வாரம், என்ன இலக்கு என்று திட்டம் எழுதியவர் தெரபிஸ்ட். அந்தத் திட்டத்தை மாற்றும் அதிகாரமும் அவருக்குத்தான். அதற்குள் நின்றுகொண்டு, கோனியோமீட்டர் வைத்துக் கை எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, இன்றைக்கு வலி அதிகமா என்று பார்த்து, பயிற்சியைக் கூட்டிக் குறைத்து, உங்களைத் தலை பின்ன வைத்தவள் பி.டி.ஏ. ‘இவருக்கு இது சரிப்படவில்லை, வேறு பாதையில் போக வேண்டும்’ என்று அவளுக்குத் தோன்றினால், அவள் தெரபிஸ்டிடம் போய்ச் சொல்ல வேண்டும். தானாக மாற்ற முடியாது.

இந்த இடத்தில் உங்கள் மனசு என்ன சொல்கிறது? நோயாளியோடு கழியும் அந்த முக்கால் மணி நேரம்தான் உங்களை இழுக்கிறது என்றால், பி.டி.ஏ. உங்களுக்கு நிறைவான வேலையாக இருக்கும். சொல்லப்போனால் அந்த நேரம் தெரபிஸ்டை விட அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. ‘ஏன் இப்படி ஆனது, என்ன செய்யலாம்’ என்று முடிவெடுப்பதுதான் பிடிக்கிறது என்றால், ஐந்து வருஷத்தில் இந்த வேலி உங்களைக் குத்தும். என்னோடு வேலை பார்த்த மிகத் திறமையான ஒரு பி.டி.ஏ. அப்படி மனம் நொந்துதான் வெளியேறினார். பி.டி.ஏ. படித்துவிட்டு அப்படியே தெரபிஸ்டாக ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். இணைப்புப் படிப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தெரபிஸ்ட் ஆக இளங்கலைப் பட்டத்துக்கு மேல் வழக்கமாக மூன்று வருஷ டாக்டர் பட்டம் வேண்டும். நம் ஊர் மூன்று வருஷ பி.எஸ்சி.யை இங்கே பல இடங்களில் முழு இளங்கலையாக ஏற்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பிசிக்கல் தெரபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேப்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லாத இடத்தில் படித்தால் தேசியத் தேர்வே எழுத முடியாது. ‘கேண்டிடேட்’ நிலையில், அதாவது அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கும் புதிய படிப்பு என்றால் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் அங்கீகாரம் வராமல் போகும் ஆபத்து உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள் என்பதை வெளியிட்டாக வேண்டும். இரண்டு வருஷச் சராசரியில் தேர்ச்சி 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது கேப்டியின் விதி. அந்த எண்ணைப் பார்க்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். உங்கள் ஊரிலேயே ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜின் கோல்மன் வளாகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது, மெடிக்கல் சென்டர் பகுதியில். சில தனியார் இடங்களில் 30,000 டாலருக்கு மேல் போகும். கம்யூனிட்டி காலேஜில் அதில் ஒரு பங்குதான் ஆகும். கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் நீங்கள் போடலாம். குடும்ப வருமானத்தால் இலவச உதவி கிடைக்காமல் போனாலும், அரசுக் கடன் என்ற வழி திறந்திருக்கும்.

இரண்டு வருஷம் என்று அந்தப் பெண் சொன்னது படிப்பை மட்டும். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்கள் இருக்கின்றன: உடற்கூறும் உடலியங்கியலும் இரண்டு பகுதி, லேபோடு, ஆங்கிலக் கட்டுரை, உளவியல், ஒரு கணிதப் பாடம். உங்கள் திருச்சி மதிப்பெண் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் கணிதம் போன்ற சிலது கழியலாம். எதெல்லாம் கழியும் என்று கல்லூரி ஆலோசகரிடம் கேட்டுவிட்டு அப்புறம் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். உடற்கூறு மட்டும் இங்கேதான் படித்தாக வேண்டும். அறிவியல் பாடம் ஐந்து வருஷத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். ஒரு பேட்ச்சில் இருபது, முப்பது இடம்தான். அந்த உடற்கூறு மதிப்பெண்தான் உங்களை உள்ளே கொண்டுபோகும். ஆக, முழுசாக மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் காலேஜுக்குப் போகும் வருஷம் நீங்களும் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதை எழுதுவதற்கே ஒரு தைரியம் வேண்டும். லேபில் ஒருவர் உடம்பில் ஒருவர்தான் பழக வேண்டும். தோள்பட்டை எலும்பின் விளிம்பைத் தேடும்போது முதுகு தெரியும்படி உடை, முழங்காலுக்கு ஷார்ட்ஸ். வகுப்பில் ஆண்களும் இருப்பார்கள். நம் வீடுகளில் வளர்ந்த பெண்ணுக்கு முதல் மாதம் இது பாடத்தை விடக் கஷ்டமாக இருக்கும். இரண்டு விஷயம் உதவும். போர்த்துவது எப்படி என்பதே அங்கே ஒரு பாடம். எந்த இடம் தேவையோ அதை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடத் தெரியாவிட்டால் மதிப்பெண் போகும். இன்னொன்று, சேரும் முன்பே ஆசிரியரிடம் போய், ‘பெண்களோடு ஜோடி சேர்ந்து பழக முடியுமா’ என்று நேராகக் கேளுங்கள். பல இடங்களில் முடிந்தவரை செய்து கொடுப்பார்கள். ஆனால் க்ளினிக்கலில், அதாவது மருத்துவ இடங்களில் செய்யும் நேரடிப் பயிற்சியில், நோயாளி ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க முடியாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அவர் விழாமல் பக்கத்தில் ஒட்டி நடக்கும்போது, அவர் விழக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் இருக்கும். எனக்கு அப்படித்தான் கூச்சம் போனது.

ப்ராக்டிகல் தேர்வுகள் கடுமையாக இருக்கும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு வீல்சேர் பிரேக்கைப் போட மறந்தால் அங்கேயே ஃபெயில் ஆக்கும் கல்லூரிகள் உண்டு. அது கொடுமை என்று நினைக்காதீர்கள். பிரேக் போடாத வீல்சேரிலிருந்து எழுந்த ஒரு பாட்டி தொடை எலும்பு உடைந்து படுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். நோயாளியிடம் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் நாலு வார்த்தைதான். உச்சரிப்பை விட, நிதானமாகச் சொல்வதும் கையால் காட்டுவதும் முக்கியம்.

படிப்பின் கடைசிப் பகுதி ஏறக்குறைய 16 வாரம் முழுநேர க்ளினிக்கல். சம்பளம் கிடையாது, காலை ஏழரைக்கே போக வேண்டியிருக்கலாம், எந்த மூலையில் இடம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கேட்டியிலிருந்து ஹூஸ்டனின் மறுகோடிக்கு அந்த ட்ராஃபிக்கில் ஓட்ட வேண்டி வரலாம். அப்புறம் தேசியத் தேர்வு: 180 கேள்வி, நாலு மணி நேரம், வருஷத்தில் நாலு தடவைதான் நடக்கும். 200-லிருந்து 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. கணிதம் படித்த உங்களுக்கு இந்த மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்து தயாராவது புதிதாக இருக்காது.

வேலையைப் பற்றி இரண்டு கசப்பான உண்மைகளையும் சொல்லிவிடுகிறேன். 2022-இலிருந்து பி.டி.ஏ. கொடுக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், தெரபிஸ்ட் கொடுத்தால் தரும் தொகையில் 85 சதவீதம்தான் தருகிறது. அதற்கு முன் 2019 அக்டோபரில் முதியோர் சிகிச்சை மையங்களுக்கு மெடிகேர் பணம் தரும் முறை மாறியபோது, பல தெரபி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அந்த மையங்களில் ‘ப்ரொடக்டிவிட்டி’ என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். எட்டு மணி நேர வேலையில் ஏழு மணி நேரத்துக்குப் பில் போட வேண்டும் என்று நெருக்குவார்கள். குறிப்பு எழுதவும் பாத்ரூம் போகவும் மீதிதான். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், வாரக் கடைசியில் எல்லாருடைய சதவீதத்தையும் சுவரில் ஒட்டுவார்கள். ஆறு மாதத்தில் விலகிவிட்டேன். நேர்காணலிலேயே அந்த எண் என்ன என்று கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நீங்களும் கேளுங்கள். வேலைவாய்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் கேட்கப் பயப்பட வேண்டியதில்லை.

வயதுக்கு வருகிறேன். 41 ஒரு தடையே இல்லை. உங்கள் தோள்தான் எனக்குக் கவலை. 50 பவுண்டு வரை தூக்க முடிய வேண்டும் என்று பல கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. ஃப்ரோசன் ஷோல்டர் ஒரு பக்கம் வந்தவர்களுக்கு அடுத்த பக்கமும் பின்னால் வருவது உண்டு. சர்க்கரையும் தைராய்டும் இருந்தால் இன்னும் கவனம். ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, இந்த வேலையைச் சொல்லி, கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, வேலைக்குத்தான் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது பொதுவாகக் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) அங்கீகாரமான பிறகுதான் கிடைக்கும். உரிமத்துக்கு உங்கள் மாநிலம் என்னென்ன ஆவணம் கேட்கிறது என்று சேரும் முன்பே பாருங்கள். ஊரில் பி.பி.டி. முடித்தவர்கள் அவசரப்பட்டு பி.டி.ஏ.வில் சேராமல், முதலில் தங்கள் பட்டத்தை இங்கே மதிப்பிடச் செய்யுங்கள். தெரபிஸ்டாகவே தேர்வு எழுதும் வழி இருக்கக்கூடும்.

டெஸ்டிங் கோர்ஸ் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது நல்ல வேலை, ஆனால் அதில் உங்களுக்கு விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, கணவர் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. இப்போதைக்கு இரண்டே காரியம் செய்யுங்கள். அடுத்த செமஸ்டரில் உடற்கூறு முதல் பகுதிக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். பெரிய செலவில்லை, பிடிக்கவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் தோளைப் பார்த்த அதே க்ளினிக்குக்கு ஃபோன் போட்டு, 40 மணி நேரம் கூட நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு அந்த மணிக்கணக்கைக் கேட்கும், எனவே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தலை பின்ன வழி செய்த அந்தப் பெண் இன்னும் அங்கே இருந்தால் அவளோடு நிற்கக் கேளுங்கள். மூடிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.