கஷ்டம் வந்ததும் இயேசுவைத் தேடுவது தப்பா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த என் கணவர் ஆறு மாதமாக வேலை இல்லாமல் இருக்கிறார். கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஊரில் இருந்தவரை தினமும் குடும்ப ஜெபம் பண்ணி வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு கோயில் பக்கமே போகவில்லை. இப்போது ராத்திரி எல்லோரும் தூங்கியதும் அடுப்படியில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். ‘கஷ்டம் வந்தாத்தான் ஆண்டவர் ஞாபகம் வருமா?’ என்று நாத்தனார் கேட்டதிலிருந்து ஜெபிக்கவே கூசுகிறது. ஜெபக் கூட்டத்தில் ஒருவர், மிச்சமிருக்கும் வளையலை அடகு வைத்தாவது காணிக்கை போட்டால் கடன் தீரும் என்கிறார். என்ன செய்யட்டும்?
- பெரம்பூர் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த வளையலை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் இல்லாததை ஆண்டவர் கேட்பதில்லை. இருப்பதற்குத் தக்கபடி மனதார கொடுத்தால் போதும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 8ஆம் அதிகாரத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கடன்பட்ட குடும்பத்தை இன்னும் கடன்பட வைத்துக் காணிக்கை கேட்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அந்த ஜெபக் கூட்டத்துக்காரர் எத்தனை வசனம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் உங்கள் நாத்தனார் கேட்ட கேள்வி. மாற்கு 5ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி எடுத்து நிதானமாகப் படியுங்கள். யவீரு ஜெப ஆலயத் தலைவர், ஊரில் பெரிய மனிதர். மகள் சாகக் கிடக்கிறாள் என்றதும்தான் வந்து இயேசுவின் காலில் விழுகிறார். அதே கூட்டத்தில் 12 வருடமாகப் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத உதிரப்போக்கினால், அவதிப்பட்ட ஒரு பெண். கையில் இருந்ததையெல்லாம் வைத்தியத்துக்கே கொட்டித் தீர்த்தவள். நேரே வந்து கேட்கக் கூசி, பின்னாலிருந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ என்று இயேசு இரண்டு பேரையும் கேட்கவில்லை. யவீரு ஒரு பக்கம் தவித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார். ‘மகளே’ என்று கூப்பிட்டார். சுவிசேஷங்களில் அவரைத் தேடி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படிக் கஷ்டத்தோடு வந்தவர்கள்தான். நீங்களும் கூசாமல் போங்கள்.

அழகான வார்த்தைகளில் ஜெபிக்க வேண்டும் என்றில்லை. 13ஆம் சங்கீதத்தில் தாவீது ‘எதுவரைக்கும், எதுவரைக்கும்’ என்று கடவுளிடமே முறையிடுகிறார். அடுப்படியில் அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது என்றால் அதுவும் ஜெபம்தான். விசுவாசம் முழுசாக இல்லையே என்று தோன்றினால், ஒருநாள் சாந்தோம் பேராலயத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அங்கே கல்லறை உள்ள தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன சீஷர். இயேசு அவரை விரட்டவில்லை, கையை நீட்டிப் பார் என்றார்.

ஆனால் ஜெபித்தவுடன் கடன் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்று தம் சீஷர்களிடமே சொன்னவர் அவர். திடன்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தத் திடத்தை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடமே சட்டம் வந்துவிட்டது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அந்த நோட்டை உங்கள் கணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஜெபத்துக்கு வரச்சொல்லி அவரை இப்போது இழுக்க வேண்டாம். வேலை போன மனிதருக்கு வீட்டில் இன்னொரு கண்டிப்பு தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்கு நீங்கள் மட்டும் போங்கள், ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் தனியாகப் பேசி விஷயத்தைச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் சபையிலேயே இருக்கலாம்.